உஷார்! திறப்பு விழாத் தேதி நகராது, கணக்குதான் நகரும்

2020 பிப்ரவரி. அகமதாபாத் விமான நிலையத்திலிருந்து இந்திரா பாலத்துக்குப் போகும் சாலையோரத்தில் கொத்தனார்கள் அவசர அவசரமாக ஒரு சுவர் எழுப்பினார்கள். சுவருக்குப் பின்னால் சரணியாவாஸ் என்ற குடிசைப் பகுதி. முன்னால், அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் கார் மோட்டேரா ஸ்டேடியத்துக்குப் போகவிருந்த சாலை. அதே நாட்களில் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் 45 குடும்பங்களுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. கேள்வி எழுந்தபோது பதில் தயாராக இருந்தது. சுவர் முன்பே தீர்மானித்தது, ஆக்கிரமிப்பைத் தடுக்கத்தான் கட்டுகிறோம். நோட்டீஸும் ஆக்கிரமிப்புக்குத்தான். இரண்டுக்கும் விருந்தாளிக்கும் சம்பந்தமில்லை.

ஒரு தலைவர் சில மணி நேரம் வந்து போனதற்கே இத்தனை நடந்தது. அந்த ஊரில்தான் 2030 காமன்வெல்த் போட்டிகள் நடக்கப்போகின்றன. 2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுச்சபை அதற்கு ஒப்புதல் தந்துவிட்டது. மைதானம், வீரர் குடியிருப்பு, சாலை, மேம்பாலம், ஹோட்டல் என்று வேலைகள் வரிசைகட்டி வரும். அதற்கப்புறம் 2036 ஒலிம்பிக் கனவு வேறு இருக்கிறது. அதற்கான ஒத்திகையாகவே 2030ஐப் பார்க்கிறார்கள்.

விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேட்மிண்டன் கோர்ட்டில் நம் பிள்ளை ஒருத்தி தங்கம் வென்று தேசியக்கொடி ஏறும்போது என் கண்ணும் கலங்கும். என் பயம் வேறு. போட்டிக்கு இன்னும் காலம் இருக்கிறதே, நெருக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆபத்து 2030ல் வருவதில்லை. இப்போதே, வேறு பெயரில், வேறு தலைப்பில், வார்டு ஆபீஸ் பலகையில் ஒட்டிய காகிதமாக வருகிறது. டெல்லி அப்படித்தான் மாட்டிக்கொண்டது.

டெல்லிக்குக் காமன்வெல்த் போட்டி கிடைத்தது 2003 நவம்பரில். போட்டி நடந்தது 2010 அக்டோபரில். முழுசாக ஏழு வருஷம் கையில் இருந்தது. அந்த ஏழில் முதல் சில வருஷங்கள் குழு அமைப்பதிலும், யாருக்கு என்ன அதிகாரம் என்ற இழுபறியிலும் போயின. பெரிய வேலைகள் பலவும் கடைசி இரண்டு மூன்று வருஷங்களில்தான் சூடுபிடித்தன. அப்புறம் என்ன ஆகும்? திறப்பு விழாத் தேதியைத் தள்ளிவைக்க முடியாது. எழுபத்தொரு நாடுகள் டிக்கெட் போட்டாயிற்று. அந்த நிலையில் ஒரு ஃபைல் மேஜைக்கு வரும்போது அதிகாரி கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதில்தான்: 'நேரமில்லை சார்.' மறு டெண்டர் விட நேரமில்லை. விலையை ஒப்பிட நேரமில்லை. கான்கிரீட்டைச் சோதிக்க நேரமில்லை. மக்களைக் கூப்பிட்டுப் பேச நேரமே இல்லை.

2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை இதைத்தான் பக்கம் பக்கமாகச் சொன்னது. ஏழு வருஷ அவகாசத்தை வீணாக்கிவிட்டு, பிறகு அவசரத்தைக் காட்டி விதிகளைத் தளர்த்தினார்கள் என்பது அதன் சாரம். போட்டிக்கான செலவு மதிப்பீடு 18,532 கோடி ரூபாய் என்றும் அது கணக்குக் காட்டியது. போட்டியைக் கேட்டு வாங்கிய காலத்தில் பேசப்பட்ட தொகைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அதனால் உங்கள் ஊரில் ஒரு பெரிய போட்டி வரப்போகிறது, வேலை மட்டும் மந்தமாக நடக்கிறது என்றால் 'சோம்பேறிகள்' என்று திட்டிவிட்டு நகராதீர்கள். உஷாராகுங்கள். தாமதம் சும்மா வருவதில்லை. தாமதம் வளர வளர, கேள்வி கேட்பவன் தேசத்தின் மானத்துக்கு எதிரியாகிவிடுகிறான். காண்ட்ராக்டருக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா?

டெல்லியில் தண்டனை வரை போன வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். தெருவிளக்கு வழக்கு. போட்டிக்காகச் சாலைகளில் புதிய விளக்கு போடும் ஒப்பந்தம். டெண்டர் உறைகளைத் திறந்த பிறகு, ஒரு நிறுவனத்துக்குச் சாதகமாக உள்ளே இருந்த விலைகளையே மாற்றி எழுதியிருந்தார்கள். 2015 செப்டம்பரில் சிறப்பு நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரையும் டெல்லி மாநகராட்சி அதிகாரிகளையும் சிறைக்கு அனுப்பியது. நஷ்டம் என்று சொல்லப்பட்டது ஒன்றரைக் கோடிக்கும் குறைவு. பதினெட்டாயிரம் கோடிக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். அதே போட்டி தொடர்பான பெரிய பணமோசடி வழக்கு ஒன்றில் அமலாக்கத் துறை ஆதாரமில்லை என்று முடிப்பு அறிக்கை கொடுத்தது. 2025 ஏப்ரலில் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பதினைந்து வருஷம் கழித்து. குற்றம் சாட்டப்பட்டவர் தப்பு செய்யவில்லை என்றால் விடுபட வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பணம் போன பிறகு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். பணம் போகும் முன் தடுத்தால்தான் உண்டு.

2010ல் நான் தெற்கு டெல்லியில் குடியிருந்தேன். எங்கள் தெருமுனையில் சேலத்துக்கார அக்கா ஒருவர் காலையில் இட்லி விற்பார். தள்ளுவண்டி, மூன்று தட்டு அடுக்கிய இட்லிக் குண்டான், ஒரு வாளி சாம்பார். செப்டம்பர் மாதம் ஒருநாள் காலையில் வண்டி இருந்த இடத்தில் பூந்தொட்டிகள் வரிசையாக நின்றன. முந்தின நாள் வண்டியைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். 'போட்டி முடிஞ்சதும் வந்து வாங்கிக்கோன்னாங்க தம்பி, சீட்டு எதுவும் தரல' என்றார். நவம்பரில் போய்க் கேட்டபோது எந்த வண்டி என்று திருப்பிக் கேட்டார்கள். சீட்டு இல்லை, வண்டியும் இல்லை. அந்த அக்கா அப்புறம் நொய்டா பக்கம் வீட்டு வேலைக்குப் போய்விட்டார். நகரம் முழுக்க அந்த மாதம் அப்படித்தான் இருந்தது. குடிசைகள் இருந்த இடங்களை மூங்கில் தட்டிகளும் பெரிய பேனர்களும் மறைத்து நின்றன. பிச்சைக்காரர்கள், நடைபாதை வியாபாரிகள் யாரும் கண்ணில் படவில்லை.

ஜங்புராவில் நடந்தது இதைவிடக் கொடுமை. பாராபுல்லா ஓடைப் பக்கம் நம் ஆட்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன தலித் குடும்பங்கள், முந்நூற்றைம்பதுக்கும் மேல். 2010 ஏப்ரலில் அந்தக் குடியிருப்பை இடித்துத் தள்ளினார்கள். எதற்கு? பக்கத்தில் இருக்கும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு வருபவர்கள் கார் நிறுத்த. போட்டி நடந்தது அக்டோபர் 3 முதல் 14 வரை. பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாள் கார் நிற்பதற்காக, பல வருஷமாக அங்கே இருந்தவர்கள் சித்திரை வெயிலில் நடுரோட்டுக்கு வந்தார்கள்.

இப்போது அந்த ஸ்டேடியத்தின் கதையைக் கேளுங்கள். 2010 போட்டிக்காக 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துப் புதுப்பித்தார்கள். 2025 நவம்பரில், அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் விளையாட்டு நகரம் ஒன்று கட்டும் திட்டம் மத்திய விளையாட்டு அமைச்சகத்திடமிருந்து வெளியே வந்தது. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று வீட்டை இடித்தார்கள். பதினைந்தே வருஷத்தில் ஸ்டேடியமே வேண்டாம் என்றாகிவிட்டது.

அகமதாபாத்தில் இருக்கும் தமிழர்களே, இதை உங்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். மில் வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மணிநகரிலும் கோக்ராவிலும் இன்றும் இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்திலேயே ஹாட்கேஷ்வர் மேம்பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 40 கோடி ரூபாயில் மாநகராட்சி கட்டியது, 2017ல் திறந்தது. 2022ல் மூடினார்கள். கான்கிரீட் சோதனையில் தேறவில்லை. ஐந்து வருஷம்கூடத் தாக்குப்பிடிக்காத பாலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வருஷக்கணக்காக யோசித்து, கடைசியில் இடிப்பதற்கென்றே தனியாக ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. இத்தனைக்கும் அந்தப் பாலத்துக்குத் திறப்பு விழாத் தேதி என்று உலகம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நிதானமாகக் கட்டிய பாலத்துக்கே இந்தக் கதி என்றால், 2029 டிசம்பரில் இரவு பகலாகக் கான்கிரீட் ஊற்றும்போது யார் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள்? டெல்லியில் 2010 செப்டம்பர் 21 அன்று, போட்டி தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாதபோது, அதே நேரு ஸ்டேடியத்துக்கு வெளியே நடைமேம்பாலம் இடிந்து விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயப்பட்டார்கள். மறுநாள் பளுதூக்கும் அரங்கின் கூரையில் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது.

அகமதாபாத் மாநகராட்சி ஒன்றும் தெரியாத நிர்வாகம் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். 1998ல் மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலே 100 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, குடிநீர்த் திட்டத்துக்குப் பணம் திரட்டி, இந்தியாவின் மற்ற மாநகராட்சிகளுக்கெல்லாம் வழிகாட்டியது அந்த ஊர்தான். 2010 மே மாதம் அந்த ஊரில் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்துபோனார்கள். அதில் பாடம் படித்து 2013ல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல். முடியாதவர்கள் இல்லை. அதனால்தான் கோபம் வருகிறது.

அந்த வெயில் திட்டம் இப்போது எங்கே தேவைப்படும் தெரியுமா? ஸ்டேடியம் கட்டும் இடத்தில். சித்தாள் வேலைக்கு தாஹோத், பஞ்ச்மஹால் பக்கத்துப் பழங்குடி மக்கள்தான் குடும்பத்தோடு வருவார்கள். கம்பி கட்டுபவரும், தலையில் ஜல்லி சுமக்கும் பெண்ணும், அங்கேயே தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும் குழந்தையும் இனி ஒவ்வொரு மே மாதத்தையும் அந்த வெயிலில்தான் கழிப்பார்கள். மதியம் பன்னிரண்டு முதல் நாலு வரை வேலை நிறுத்தம், நிழல், குடிதண்ணீர், ஓஆர்எஸ் எல்லாம் காண்ட்ராக்ட் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். பிறகு சுற்றறிக்கை அனுப்பினால் எந்த மேஸ்திரியும் படிக்க மாட்டான். டெல்லியில் உயர் நீதிமன்றம் அமைத்த குழு நேரில் போய்ப் பார்த்தபோது, குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்காத தொழிலாளர்களைக் கண்டது. கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பெயர் பதியாத ஆளை ஒருநாள்கூட வேலைக்கு வைக்கக் கூடாது. விபத்து நடந்தால் அந்தப் பதிவு ஒன்றுதான் குடும்பத்தின் கையில் இருக்கும்.

அடுத்து நிலம். இங்கே இன்னும் உஷாராக இருக்க வேண்டும். எந்த நோட்டீஸிலும் 'காமன்வெல்த்' என்ற வார்த்தை இருக்காது. சாலை அகலப்படுத்தல், ஏரி மீட்பு, ஆற்றங்கரை அழகுபடுத்தல், ஆக்கிரமிப்பு அகற்றல் என்றுதான் இருக்கும். சபர்மதி ஆற்றங்கரைத் திட்டத்துக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கரையை விட்டுப் போக வேண்டியிருந்தது. நீதிமன்றம் வரை போராடியதால்தான் பலருக்கு மாற்றுவீடு கிடைத்தது. அதுவும் ஊருக்கு வெளியே வட்வா போன்ற இடங்களில். சில குடும்பங்கள் பீரானா குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் கிடந்தன. இன்று அந்த ஆற்றங்கரையில் மாலை வேளையில் காற்று வாங்கப் போகிறவர்களுக்கு அங்கே யார் இருந்தார்கள் என்ற நினைவே இருக்காது. ஆற்றின் கதையும் அப்படித்தான். படித்துறையில் மின்னுவது நர்மதைக் கால்வாய்த் தண்ணீர். வாஸ்னா தடுப்பணைக்குக் கீழே போனால் கழிவுநீர். 2021ல் குஜராத் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த மாசு வழக்கைக் கையில் எடுத்தது.

இடிப்பது என்று முடிவெடுத்தால் எவ்வளவு வேகமாக இடிக்க முடியும் என்பதையும் அந்த ஊர் பார்த்துவிட்டது. 2025 ஏப்ரல், மே மாதங்களில் சந்தோலா ஏரிப் பகுதியில் ஆயிரக்கணக்கான கட்டடங்கள் சில நாட்களில் தரைமட்டமாயின. அது போட்டிக்காக அல்ல, காரணம் வேறு. நான் சொல்வது வேகத்தைப் பற்றி.

சட்டம் நம்மைக் காப்பாற்றாதா? கொஞ்சம் காப்பாற்றும், எங்கே காப்பாற்றாது என்பதுதான் முக்கியம். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் புல்டோசர் வழக்கில் தெளிவாகச் சொன்னது: பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுக்காமல் வீட்டை இடிக்கக் கூடாது. படித்தவர்கள் எல்லோரும் கைதட்டினோம். ஆனால் அதே தீர்ப்பில் விலக்கு இருக்கிறது. சாலை, நடைபாதை, ரயில் பாதை, ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் இருக்கும் அனுமதியற்ற கட்டடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏழை எங்கே குடிசை போடுகிறான்? ஓடைக் கரையில், ஏரிக் கரையில், தண்டவாளத்தை ஒட்டி. விலக்கு சரியாக அவன் தலையில்தான் விழுகிறது. எனவே அப்படிப்பட்ட இடங்களில் இருப்பவர்கள் நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்பதற்கான பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில், வாக்காளர் பட்டியல் நகல், குழந்தையின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் இப்போதே ஒரு பையில் சேர்த்து, நகல் எடுத்து, வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். டெல்லி மதராசி கேம்ப் நினைவிருக்கிறதா? அதே பாராபுல்லா ஓடையோரம்தான். 2025 ஜூன் 1 அன்று, ஓடையைச் சுத்தம் செய்வதற்காக நீதிமன்ற உத்தரவின் பேரில் 370 வீடுகளை இடித்தார்கள். மாற்றுவீட்டுக்குத் தகுதி என்று அப்போது கணக்கில் வந்தவை 189 மட்டுமே. அது போட்டிக்கான இடிப்பு அல்ல. ஆனால் யார் தகுதி, யார் தகுதியில்லை என்பதைத் தீர்மானித்தது காகிதம்.

நடைபாதைக் கடைக்காரர்களுக்கு மட்டும் 2010ல் இல்லாத ஓர் ஆயுதம் இப்போது இருக்கிறது. 2014ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம். முப்பது நாள் நோட்டீஸ் கொடுக்காமல் இடத்தை மாற்றவோ அப்புறப்படுத்தவோ கூடாது. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். எங்கள் தெரு அக்காவுக்கு அந்தப் பட்டியல் இருந்திருந்தால் நவம்பரில் அந்த வாசலில் வெறுங்கையோடு நின்றிருக்க மாட்டார்.

இனி பணம் வரும் வழி. போட்டி நடத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, செலவு மிஞ்சினால் யார் பொறுப்பு என்று ஒரு பிரிவு இருக்கும். அதைப் படிக்காமல் கைதட்டிய ஊர்கள் உலகத்தில் ஏராளம். கனடாவின் மாண்ட்ரியல் 1976ல் ஒலிம்பிக் நடத்தியது. நஷ்டமே வராது என்று அந்த ஊர் மேயர் அடித்துச் சொன்னார். கடனை அடைத்து முடித்தது 2006ல். முப்பது வருஷம், சிகரெட் வரி போட்டு அடைத்தார்கள். போட்டியின்போது பிறக்கவே பிறக்காதவர்கள் அந்த வரியைக் கட்டினார்கள். டொராண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்கார்பரோவில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் வீட்டு வரி கட்டுகின்றன! 2026 உலகக்கோப்பைக் கால்பந்து ஆட்டங்களை நடத்த 3 முதல் 4.5 கோடி கனடா டாலர் ஆகும் என்று 2018ல் மாநகராட்சியில் சொன்னார்கள். அது பிறகு 38 கோடியாக ஏறியது. அந்த ஊருக்குக் கிடைத்த ஆட்டம் ஆறுதான்.

பிர்மிங்காமை உதாரணம் காட்டுபவர்கள் ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். 2022ல் காமன்வெல்த் போட்டியை நடத்திய அந்த மாநகராட்சி, அடுத்த வருஷம் செப்டம்பரில் கையில் பணமில்லை என்று அறிவித்தது உண்மை. ஆனால் அதற்கு முக்கியக் காரணம் பெண் ஊழியர்களுக்குப் பல வருஷமாகத் தர வேண்டிய சம்பள பாக்கியும், கணினி மென்பொருள் குளறுபடியும். போட்டியால் திவாலானது என்று சொன்னால் அது பொய். ஆனாலும் அடுப்பில் இவ்வளவு எரிந்துகொண்டிருக்கும்போது பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்திய வீடு அது. வீரர்களுக்கென்று கட்டத் தொடங்கிய குடியிருப்பில் கடைசிவரை ஒரு வீரரும் தங்கவில்லை. அதனால் அகமதாபாத்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: வீரர் குடியிருப்பைக் கட்டுவது யார்? விற்காமல் நின்றால் யார் வாங்குவார்கள்? டெல்லியில் கட்டிய தனியார் நிறுவனம் பணமுடையில் சிக்கியபோது, 2009ல் டெல்லி வளர்ச்சி ஆணையம் 333 ஃபிளாட்டுகளை ஏறத்தாழ 700 கோடி ரூபாய்க்கு வாங்கிக் காப்பாற்றியது. லாபம் வந்தால் கம்பெனிக்கு, நஷ்டம் வந்தால் நமக்கு. இன்னொரு 700 கோடியும் உண்டு. பட்டியல் சாதியினர் நலனுக்கென்று ஒதுக்கிய சிறப்புக்கூறு நிதியிலிருந்து அதற்கு நெருக்கமான தொகை போட்டி வேலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டது தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் 2010ல் வெளியே வந்தது. ஜங்புராவில் வீட்டை இழந்தவர்களின் பெயரால் ஒதுக்கிய பணம்!

ஒப்பந்தத்தில் நிபந்தனை பேசுவதற்கு அகமதாபாத்துக்குத் தயக்கமே வேண்டாம். இந்தப் போட்டியை வாங்க ஆளில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனிடமிருந்து 2022 போட்டி 2017லேயே பறிபோனது, பண உத்தரவாதம் தர முடியாமல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 போட்டியை 260 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு நடத்துகிறேன் என்று ஒப்புக்கொண்டது. கணக்கு 600 கோடியைத் தாண்டியதும் 2023 ஜூலையில் விலகிவிட்டது. இழப்பீடு மட்டும் 38 கோடி டாலர். நடத்தாத போட்டிக்கு மொத்தம் 58.9 கோடி டாலர் போனது என்று அந்த மாநிலத் தணிக்கையாளர் சொன்னார். 2030க்கு முயன்ற கனடாவின் ஆல்பர்ட்டாவும் பின்வாங்கிவிட்டது. கடைசியில் எதிரில் நின்றது நைஜீரியாவின் அபுஜா மட்டும்தான். கிளாஸ்கோ 2026 போட்டியை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? பத்தே விளையாட்டு, ஏற்கெனவே இருக்கும் நாலு அரங்கங்கள், புதிதாக வீரர் குடியிருப்பு கிடையாது. காமன்வெல்த் அமைப்பு சரி என்று தலையாட்டியது. நடத்தித் தருகிறேன் என்று வருகிற ஊரை இழக்க அவர்களுக்கு வழியில்லை. அகமதாபாத்தில் 1.32 லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம் ஏற்கெனவே இருக்கிறது. நாரன்புராவில் 825 கோடி ரூபாய் செலவில் புது விளையாட்டு வளாகம் திறந்தாயிற்று. இருப்பதை வைத்து நடத்துகிறோம் என்று சொல்லும் இடத்தில்தான் அகமதாபாத் நிற்கிறது.

சென்னையும் ஒருதடவை அப்படிச் செய்திருக்கிறது. 2022ல் ரஷ்யாவிடமிருந்து செஸ் ஒலிம்பியாட் போனதும், நாலே மாத அவகாசத்தில் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலிலேயே நடத்தினோம். புது ஸ்டேடியம் கட்டவில்லை. செஸ்ஸுக்கு ஓடுபாதை தேவையில்லை என்பது உண்மைதான், ஆனாலும் இருக்கிற இடத்தில் நடத்தலாம் என்ற எண்ணம் முதலில் வந்ததே, அதுதான் விஷயம். நாளைக்குச் சென்னையும் பெரிய போட்டிக்கு விண்ணப்பம் போடும்போது இந்தக் கட்டுரையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை. போட்டியின் அமைப்புக்குழு தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருமா வராதா என்ற தகராறு டெல்லியில் உயர் நீதிமன்றம் வரை போய், 2010 ஜனவரியில்தான் வரும் என்று தீர்ப்பானது. அதற்குள் போட்டிக்கு ஒன்பது மாதம்தான் மிச்சம். அகமதாபாத்தில் அமைப்புக்குழு பிறந்த நாளிலேயே அதை எழுதி வாங்க வேண்டும். நடத்தும் ஒப்பந்தத்தின் முழு நகல், செலவு மிஞ்சினால் பொறுப்பு யாருக்கு என்ற பிரிவு, மாநகராட்சி பட்ஜெட்டில் எந்தெந்தத் தலைப்பில் போட்டி வேலைகள் ஒளிந்திருக்கின்றன என்ற பட்டியல், ஒற்றை டெண்டரில் கொடுத்த ஒப்பந்தங்கள், ஒவ்வொரு அரங்கத்துக்கும் 2031 முதல் பராமரிப்புச் செலவு யாருடையது என்ற குறிப்பு. இந்த ஐந்தையும் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. குஜராத்தியில் எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு, பள்ளிக்கூடம் போகும் பேத்தி எழுதித் தரட்டும்.

வார்டு ஆபீஸ் பலகையில் புதிதாக எந்தக் காகிதம் ஒட்டினாலும், அதன் மேல் மூலையில் இருக்கும் தேதியும் ஃபைல் எண்ணும் தெரியும்படி அன்றைக்கே போட்டோ எடுங்கள். கிழிந்துபோவதற்குள்.